கீழ் பார்க்கிங்ல ஒரு பிளக் பாயின்ட்

எங்க வீட்டுல கார் சண்டை லெந்து உபவாச நாள் மாதிரி நாப்பது நாள் ஓடுச்சு. ஒரு பக்கம் என் வீட்டுக்காரர் ஓஸ்வால்டும் என் பொண்ணு ஆஷ்லியும், இன்னொரு பக்கம் நான் ஒருத்தி. அவங்களுக்கு எலக்ட்ரிக் வண்டி வேணும். ரொம்ப உயரமும் இல்லாம ரொம்பத் தாழவும் இல்லாம இப்ப எல்லாரும் ஓட்டுறாங்களே, அந்த மாதிரி. எனக்கு பெட்ரோல் எஸ்யூவி வேணும், ஏழு சீட்டு வச்சது. எங்க வீட்டுல இருக்கிறதே மூணு பேர்.

சும்மா ஒண்ணும் அடம் பிடிக்கல, காரணம் அடுக்கினேன். கேஜிஎஃப்ல இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போனா வழியில எங்க சார்ஜ் போடுறது? ஏற்காடு ஏறும்போது நின்னுட்டா யாரு தள்ளுறது? மழை பேஞ்சா நம்ம ஊரு ரோடெல்லாம் ஏரியாயிடுது, அந்தத் தண்ணிக்குள்ள போய் கரென்ட் வண்டியா? ஆஷ்லி வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது, ஆனா பேச்சுல பெரிய மனுஷி. என் ஒவ்வொரு காரணத்துக்கும் போன்ல ஒரு பதிலைத் தேடி எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டுவா. "மம்மி, கேஜிஎஃப் போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் சார்ஜே தேவையில்ல. ஏற்காட்டுக்கு நாம கடைசியா போனது நான் ஃபோர்த் ஸ்டேண்டர்டு படிக்கும்போது"ன்னா.

நான் இருபத்தாறு வருஷமா ஸ்கூல்ல கணக்கு டீச்சர். பசங்க புருடா விட்டா மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவேன். என் மூஞ்சியை வீட்டுல யாரும் அப்படிப் பாக்கல, அதனால தப்பிச்சேன். ஏன்னா நான் சொன்ன காரணத்துல ஒண்ணுகூட நிஜம் இல்ல. எலக்ட்ரிக் கார் வாங்கினா கீழ பார்க்கிங்ல சார்ஜ் போட ஒரு பாயின்ட் வேணும். அதுக்கு பில்டிங் அசோசியேஷன் பர்மிஷன் குடுக்கணும். அதே பர்மிஷனை ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொம்பளை கேட்டப்போ, கிடையாதுன்னு எழுதினது இந்த ஐரின் மிஸ்தான். செக்ரட்டரி நான்தானே. அதை நெனச்சாலே எனக்கு உடம்பு கூசும்.

எப்படி நடந்துச்சுன்னு சொல்லிடறேன். எங்க பில்டிங் ஜீவனஹள்ளியில, மொத்தம் பன்னண்டு வீடு. கீழ்த்தளத்துல மீட்டர் போர்டை ஒட்டி ஒரு சின்ன வீடு, அதுல அசோகன் குடும்பம் வாடகைக்கு இருந்துச்சு. அசோகன் எலக்ட்ரீஷியன். யார் வீட்டுல ஃபேன் நின்னாலும் அவர்தான் வருவார், தண்ணி மோட்டார் ஓடலன்னாலும் அவர்தான். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் மீட்டர் போர்டு மொத்தத்தையும் புதுசா ஒயரிங் பண்ணிக் குடுத்திருந்தார். அவர் சம்சாரம் வீணா நாலு வீட்டுல வேலை செஞ்சுக்கிட்டிருந்தா. பொண்ணு இளவேனில் என்கிட்டதான் டியூஷன் படிச்சா, மத்த நேரம் ஆஷ்லி கூடவே ஒட்டிக்கிட்டிருப்பா.

ஒரு டிரஸ்ட்காரங்க பொம்பளைங்களுக்கு ஆட்டோ ஓட்டக் கத்துக் குடுத்து, எலக்ட்ரிக் ஆட்டோவும் ஏற்பாடு பண்ணித் தர்றாங்கன்னு கேள்விப்பட்டு வீணா போய்ச் சேர்ந்தா. மூணு மாசத்துல லைசன்ஸ் எடுத்துட்டா. காக்கி சட்டையைத் தைக்கக் குடுத்து வாங்கிட்டு வந்து முதல்ல என்கிட்டதான் காட்டினா. "போட்டுக் காட்டுடி"ன்னேன். சேலைக்கு மேல போட்டுக்கிட்டு வெக்கப்பட்டுக்கிட்டு நின்னா. டிரஸ்ட்ல ஒரே ஒரு நிபந்தனை. வண்டியை நிறுத்தி சார்ஜ் போட இடம் இருக்குன்னு பில்டிங்லேர்ந்து ஒரு லெட்டர் வேணும். அவங்க வீட்டுக்குன்னு கீழ ஒரு பார்க்கிங் இருந்துச்சு, அதுல அசோகனோட ஸ்கூட்டர் மட்டும் நிக்கும். அங்கேயே ஒரு பிளக் பாயின்ட் போட்டுக்கறோம்னு கேட்டாங்க. "மிஸ், நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், வேற யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க"ன்னா வீணா. அது உண்மைதான். எங்க பில்டிங்ல நான் வாயைத் திறந்தா மத்தவங்க மூடிக்குவாங்க. "பாக்கலாம்மா, நான் இருக்கேன்ல"ன்னு சொல்லி அனுப்பினேன்.

அசோகன் ஒரு பேப்பர்ல லோடு கணக்கு எழுதிக் குடுத்தார். ஆட்டோ சார்ஜர் ஒரு கீசர் இழுக்கிற கரென்ட்தான் இழுக்கும். தனி மீட்டர், தனி ஒயர், தனி ட்ரிப் ஸ்விட்ச். நான் வரி வரியா பாத்தேன். பரீட்சைப் பேப்பரா இருந்தா முழு மார்க் போட்டிருப்பேன்.

அப்புறம் ஏன் கிடையாதுன்னேன்? கேட்டைத் திறந்ததும் கண்ணுல படுறது அவங்க பார்க்கிங்தான். அங்க ஒரு ஆட்டோ நிக்கும். எங்க சர்ச்சிலேர்ந்து வர்றவங்க பாப்பாங்க, நாளைக்கு ஆஷ்லியைப் பொண்ணு பாக்க வர்றவங்க பாப்பாங்க. ஆட்டோக்காரங்க இருக்கிற பில்டிங்கான்னு நெனப்பாங்க. அவ்வளவுதான். கடவுள் சத்தியமா அதுக்கு மேல ஒரு காரணமும் இல்ல. இத்தனைக்கும் அதுக்கு முந்தின வாரம் சர்ச் விமன்ஸ் ஃபெல்லோஷிப்ல, உழைக்கிற பெண்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு என்னைத்தான் எழுப்பிவிட்டாங்க. நானும் உருகி உருகிப் பண்ணினேன்.

மீட்டிங்ல அந்த லோடு பேப்பரை நான் வெளியவே எடுக்கல. அதுக்குப் பதிலா போன்ல வந்த ஒரு வீடியோவைக் காட்டினேன். எங்கேயோ ஒரு ஸ்கூட்டர் பத்தி எரியுது. எல்லாரும் பயந்துட்டாங்க. "நம்ம ஒயரிங்கும் பழசு"ன்னு வேற சொன்னேன். அசோகன் புதுசா போட்ட ஒயரிங்கை வாய் கூசாம பழசுன்னேன். வாடகைக்கு இருக்கிறவங்க மீட்டிங்குக்கு வரக்கூடாதுன்னு ரூல், அதனால மறுத்துப் பேச அங்க ஆளும் இல்ல. தீர்மானத்தை நானே சொல்லி, நானே எழுதி, வழக்கம்போல காப்பி எடுத்து மாடிப்படி போர்டுல ஒட்டினேன். மறுநாள் காலையில அசோகன் எதிர்ல வந்தார். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்ப்பா, யாரும் கேக்க மாட்டேன்னுட்டாங்க"ன்னேன். "பரவால்ல மிஸ்"ன்னுட்டுப் போயிட்டார்.

அந்த ஆட்டோ வேற யாருக்கோ போயிடுச்சு. வீணா பொம்மனஹள்ளியில ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில சேர்ந்தா. தினம் ரெண்டு பஸ் மாறிப் போய் வர முடியாம, கொஞ்ச நாள்ல குடும்பமே அந்தப் பக்கம் வீடு மாறிப் போயிடுச்சு. இளவேனிலைப் பாதி வருஷத்துல ஸ்கூல் மாத்தினாங்க. அசோகன் மட்டும் இன்னும் எங்க பில்டிங் வேலைக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்தார். ஒவ்வொரு தடவை அவர் ஏணியைத் தூக்கிக்கிட்டு வரும்போதும் நான் ஏதாவது வேலை இருக்கிற மாதிரி உள்ள போயிடுவேன்.

இப்ப சொல்லுங்க, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எலக்ட்ரிக் கார் வாங்குறது?

இதை வீட்டுல சொல்லியிருக்கலாம். வாய் வரல. ஓஸ்வால்டுக்கும் ஆஷ்லிக்கும் பில்டிங்காரங்கதான் அப்ப ஒத்துக்கலன்னு நெனப்பு. நான் முன்ன நின்னு கெடுத்தேன்னு அவங்களுக்குத் தெரியாது. இவங்க ரெண்டு பேரும் போர்டுல ஒட்டுறதை என்னைக்குப் படிச்சாங்க.

ஒரு சனிக்கிழமை என்னை இழுத்துக்கிட்டுப் போய் ஓசூர் ரோட்டுல ஒரு ஷோரூம்ல அந்த எலக்ட்ரிக் வண்டியை ஓட்டிப் பாக்கச் சொன்னாங்க. பிடிக்கலன்னு சொல்றதுக்குத் தயாராத்தான் ஏறினேன். ஆக்சிலரேட்டரை மிதிச்சா சத்தமே இல்லாம போகுது. ஆடுகோடி சிக்னல்ல நிக்கும்போது, பரீட்சை ஹால்ல பசங்க எழுத ஆரம்பிச்சதும் ஒரு அமைதி வருமே, அப்படி இருந்துச்சு. எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு. பிடிச்சதும் எனக்கு என் மேலயே கோபம் வந்துச்சு. இறங்கினதும், "சீட்டு தாழ்வா இருக்கு, முட்டி வலிக்குது"ன்னேன்.

"மம்மி, ஓட்டும்போது நீங்க சிரிச்சீங்க. நான் கண்ணாடியில பாத்தேன்"ன்னா ஆஷ்லி.

"வெயில் கண்ணுல பட்டுச்சுடி"ன்னேன்.

அப்புறம் பெட்ரோல் வண்டிக் கடைக்கும் போனோம். அது பெரிசா, உயரமா, பஸ் மாதிரி இருந்துச்சு. ஓஸ்வால்ட் மூணாவது வரிசையில ஏறி உக்காந்துக்கிட்டு, "இங்க யாரை உக்கார வைக்கப் போற ஐரின்? சர்ச் கொயரையா?"ன்னார். சேல்ஸ்மேன் பையன் சிரிப்பை அடக்க முடியாம திரும்பிக்கிட்டான். நான் மட்டும் பெரிய இவளாட்டம், "வண்டின்னா இப்படித்தான் இருக்கணும்"னு டயரைத் தட்டிப் பாத்தேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுற ஆள் இல்ல. சண்டை போட மாட்டார், முன்னாடி தலையாட்டிட்டுப் பின்னாடி போய் தன் வேலையை முடிச்சிடுவார். அடுத்த மாச மீட்டிங் அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நம்ம நாராயணசாமி சார் கிட்ட லெட்டர் குடுத்துட்டேன், சார்ஜிங் பாயின்டுக்கு. இன்னைக்கு அஜெண்டாவுல வருது"ன்னார்.

"என்னைக் கேக்காம எப்படிக் குடுத்தீங்க?"

"கேட்டா ஏற்காடு, கேஜிஎஃப்னு ஆரம்பிப்பே. பர்மிஷன் வந்துட்டா அப்புறம் எது வாங்கலாம்னு நிதானமா பேசலாம்."

நாராயணசாமி சார் எங்க அசோசியேஷன் பிரசிடென்ட். ரயில்வேல பெரிய வேலை பாத்து ரிடையர் ஆனவர். அவர்கிட்ட ஒரு பழக்கம். எந்த விஷயம் எடுத்தாலும், அதே விஷயத்துல முன்னாடி என்ன எழுதியிருக்கோம்னு மினிட்ஸ் புக்கைத் திறந்து செக்ரட்டரி சத்தமா வாசிக்கணும். அதுக்கப்புறம்தான் பேச்சு. வேற பில்டிங்ல இப்படி ஒரு கூத்து உண்டான்னு எனக்குத் தெரியாது. எங்க பில்டிங்ல ஒரு பூந்தொட்டி வைக்கணும்னாலும் பழைய பூந்தொட்டித் தீர்மானத்தை வாசிச்சே ஆகணும்.

சாயங்காலம் பார்க்கிங்ல பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்தோம். ஓஸ்வால்டோட லெட்டரை சார் படிச்சார். "சரி மிஸ், முன்னாடி ஏதோ ஒண்ணு எழுதினோமே, வாசிங்க"ன்னார்.

அந்தப் பக்கத்தைத் தேடித் திருப்பினேன். என் கையெழுத்து அழகா இருக்கும், ஸ்கூல்ல போர்டு எழுதி எழுதிப் பழகின கை. அந்த அழகான எழுத்துல இங்கிலீஷ்ல இருந்துச்சு: கீழ்த்தளத்து வாடகைதாரர் கேட்டதைப் பரிசீலிச்சோம், தீ அபாயம் இருக்கிறதாலயும் ஒயரிங் பழசா இருக்கிறதாலயும் பார்க்கிங்ல எந்த வண்டிக்கும் சார்ஜ் வசதி கிடையாது, சொன்னவர் ஐரின் ஓஸ்வால்ட். என் பேரையும் நானே வாசிச்சேன். ஓஸ்வால்ட் தலையைத் தூக்கி என்னைப் பாத்தார். அப்பதான் அவருக்குத் தெரியும்.

யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "என்ன மிஸ் இது, அன்னைக்கு அவங்களுக்கு இல்லன்னுட்டு இன்னைக்கு உங்களுக்குக் கேக்கறீங்களா"ன்னு கேப்பாங்கன்னு காத்திருந்தேன். கேட்டா அழுதுகூட இருப்பேன். யாரும் கேக்கல. "இப்ப டெக்னாலஜி மாறிப் போச்சு மேடம்"னார் ஒருத்தர். "உங்களுக்கு இல்லாமலா, பிடி மேடம், விடுங்க"னு கன்னடம் கலந்து சிரிச்சாங்க மூணாவது மாடி அம்மா. ரெண்டு நிமிஷம்கூட ஆகல, எல்லாரும் கை தூக்கிட்டாங்க. நாங்க கேட்டது ஒரு கீசர் அளவு இல்ல, மூணு கீசர் சேர்ந்த அளவு. ஒயரிங் அதே ஒயரிங்.

எனக்கு அங்க உக்காந்திருக்கவே முடியல. எழுந்து நின்னு, "அன்னைக்கு அசோகனுக்கு இல்லன்னது தப்பு சார். ஒயரிங் நல்லாத்தான் இருந்துச்சு. லோடு கணக்கு அவர் எழுதிக் குடுத்தார், நான்தான் உங்க யாருக்கும் காட்டல"ன்னேன்.

நாராயணசாமி சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "அது ஆட்டோ மிஸ், வாடகைக்கு ஓடுற வண்டி. இது ஃபேமிலி கார். அது வேற, இது வேற. ஏன் மனசைப் போட்டு வருத்திக்கறீங்க"ன்னார். மத்தவங்களும் ஆமாம் ஆமாம்னாங்க. எனக்கு ஆறுதல் சொல்றாங்களாம். நான் விடல. சொந்த வீட்டுக்காரங்களா இருந்தாலும் வாடகைக்காரங்களா இருந்தாலும், காரோ ஆட்டோவோ, யார் கேட்டாலும் பாயின்ட் உண்டுன்னு எழுதணும், இல்லன்னா எனக்கும் வேணாம்னேன். சரி, எழுதிக்கோங்கன்னுட்டாங்க. அதுக்கும் ஒரு நிமிஷம்தான் ஆச்சு.

மேல வந்ததும் ஓஸ்வால்ட் கதவைச் சாத்திட்டு, "நீயா ஐரின்?"னு மட்டும் கேட்டார். "நான்தான்"னேன். அவர் வேற எதுவும் கேக்கல, ஆஷ்லி கிட்டயும் சொல்லல. அவர் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஆனா மனுஷ புத்தி பாருங்க, மறுநாளே எனக்குள்ள ஒரு தெம்பு வந்துடுச்சு. தப்பைச் சொல்லிட்டேன், தீர்மானத்தை மாத்திட்டேன், இனிமே அசோகன் முகத்துல முழிக்கலாம். ஒயரிங் வேலைக்கு அவரைத்தானே கூப்பிடணும். வரட்டும், எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டு, வீணாவையும் போய்ப் பாக்கலாம், அந்த டிரஸ்ட்ல மறுபடி கேட்டுப் பாக்கலாம். எலக்ட்ரிக் வண்டியே வாங்கிக்கலாம்னு ஆஷ்லி கிட்ட சொன்னேன். அவ கட்டிப் பிடிச்சுக்கிட்டா. என்ன கலர்னு ரெண்டு பேரும் போன்ல பாத்துக்கிட்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அசோகன் வந்தார். கீழ மீட்டர் போர்டு கிட்ட நின்னு என்ன வேலைன்னு கேட்டார். நான் எப்பவும் அவரை வா போன்னுதான் பேசுவேன். அன்னைக்கு, "வாங்க அசோகன், உக்காருங்க"ன்னு ஒரு சேரை இழுத்துப் போட்டேன். அவருக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்கும்தான். அவர் உக்காரல, டூல் பேகை அந்தச் சேர் மேல வச்சார்.

"எங்க வீட்டுக்கு எலக்ட்ரிக் கார் வாங்கப் போறோம். நம்ம பார்க்கிங்ல சார்ஜிங் பாயின்ட் போடணும்"னேன். அவர் மீட்டர் போர்டையே பாத்துக்கிட்டிருந்தார். நான் நிறுத்தாம, பசங்க மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி எல்லாத்தையும் கொட்டினேன். அன்னைக்கு மத்தவங்க இல்லன்னு சொல்லல, நான்தான் சொன்னேன். உங்க கணக்கு சரியா இருந்துச்சு. வாசல்ல ஆட்டோ நிக்கக்கூடாதுன்னு எனக்கு ஒரு கொழுப்பு, வேற ஒண்ணும் இல்ல. உங்க கிட்ட பொய்யும் சொன்னேன்.

"தெரியும் மிஸ்"னார்.

எனக்குப் புரியல. "என்ன தெரியும்?"

"மாடிப்படி போர்டுல நீங்கதானே ஒட்டினீங்க. சொன்னவர் ஐரின் ஓஸ்வால்ட்னு போட்டிருந்துச்சு. இங்கிலீஷ் அவ்வளவு தெரியாது, பேரு படிக்கத் தெரியும். வீணா வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள அந்தப் பேப்பரை எடுத்துட்டேன்."

அப்படின்னா மறுநாள் காலையில நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்னு சொன்னப்போ, எல்லாம் தெரிஞ்சுதான் பரவால்ல மிஸ்ன்னிருக்கார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

"வீணாவுக்கு என்ன சொன்னீங்க?"

"நம்ம போர்டு லோடு தாங்காது, என் கணக்குல தப்பு வந்துடுச்சுன்னு சொன்னேன். அவளுக்கு உங்க மேல ரொம்ப மரியாதை மிஸ். அதுக்காக மட்டும் சொல்லல. நிஜத்தைச் சொல்லியிருந்தா உங்க வாசல்ல வந்து கத்தியிருப்பா. அப்புறம் இந்தத் தெருவுல எனக்கு யாரு வேலை குடுப்பாங்க?" ஸ்க்ரூ டிரைவரைக் கையில உருட்டிக்கிட்டே சொன்னார், "இருபது வருஷமா ஒயர் பிடிக்கிற ஆளு, பொண்டாட்டிக்கு ஒரு பிளக் பாயின்ட் போடத் துப்பில்லன்னு இப்பவும் சொந்தக்காரங்க முன்னாடி சொல்லிச் சிரிப்பா. விளையாட்டுக்குத்தான் சொல்றா. நானும் சிரிச்சிடுவேன்."

"நான் வர்றேன் அசோகன். இன்னைக்கே பொம்மனஹள்ளிக்கு வந்து வீணா கால்ல விழுந்து வேணும்னாலும் சொல்றேன். உங்க கணக்குல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் நான் பண்ணினதுன்னு சொல்றேன்."

அவர் முதல் தடவையா என்னை நேரா பாத்தார். "சொன்னா உங்களுக்கு மனசு லேசாயிடும் மிஸ். எனக்கு? ரெண்டு வருஷமா தெரிஞ்சே இங்க வந்து ஏணி போட்டிருக்கேன், உங்க வீட்டு டீயைக் குடிச்சிருக்கேன்னு அவளுக்குத் தெரியணுமா? துப்பில்லாதவன்னு அவ சொல்றதைத் தாங்கிக்கலாம். மானம் இல்லாதவன்னு சொன்னா நான் எங்க போறது?"



"ஒண்ணு கேக்கலாமா மிஸ்?"னார். அந்த மனுஷன் என்கிட்ட கேக்கறதுக்கு வெக்கப்பட்டார், அதைத்தான் என்னால இன்னைக்கும் தாங்க முடியல. "வீணாவோட அக்கா வீடு அடுத்த தெருதான், உங்களுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை இந்த கேட்டைத் தாண்டித்தான் போறா. உங்க பார்க்கிங்ல கார் சார்ஜ் ஆகுறதைப் பாத்தான்னா, அந்தப் போர்டு எப்படித் தாங்குதுன்னு கேப்பா. அவ கெட்டிக்காரி, விட மாட்டா. உங்களுக்கு எந்த வண்டி வாங்கினாலும் ஓடிடும். பெட்ரோலே வாங்கிக்கோங்க மிஸ்."

நாப்பது நாள் நான் வீட்டுல கத்தினது அதுக்குத்தான். பெட்ரோல், பெட்ரோல்னு. இப்ப அது என் கைக்கு வந்து சேர்ந்துச்சு.

"சரி அசோகன்"னேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்"னார். "ஆஷ்லி பாப்பாகிட்டயும் வேணாம், அதுவும் எங்க இளவேனிலும் தினம் போன்ல பேசிக்குதுங்க." சத்தியமா சொல்ல மாட்டேன்னேன். வந்ததுக்கு மாடிப்படி லைட்டு ஒண்ணு மினுக்கிக்கிட்டிருந்ததைச் சரி பண்ணிட்டுப் போனார். டீ வேணுமான்னு கேக்க எனக்கு வாய் வரல.

மேல போனேன். ஓஸ்வால்ட் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். ஆஷ்லி லேப்டாப்ல அந்த வண்டியோட நீலக் கலரைத் திறந்து வச்சுக்கிட்டு, "அசோகன் அங்கிள் எப்ப வேலை ஆரம்பிக்கிறார்?"னா.

"எலக்ட்ரிக் வேணாம். பெட்ரோலே புக் பண்ணிடுங்க"ன்னேன்.

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. ஓஸ்வால்ட் மெதுவா பேப்பரை மடிச்சார். பாவம், எனக்கு வழி விட்டுத்தான் கேட்டார். "ஏன், போர்டு லோடு தாங்காதுன்னுட்டாரா அசோகன்?"

ஆமான்னு ஒரு தலையாட்டு போதும். அதோட முடிஞ்சிடும். கார் சண்டையும் முடியும், எனக்கும் கெட்ட பேரு வராது. சத்தியமா சொல்றேன், என் தலை ஆடத் தொடங்கிடுச்சு. ஏற்கெனவே ஒரு வீட்டுல அந்த மனுஷனுக்குத் துப்பில்லன்னு பேரு வாங்கிக் குடுத்தவ நான். என் வீட்டுலயும் அந்தப் பேரை வாங்கிக் குடுக்கப் பாத்தேன்.

"இல்ல. போர்டு தாங்கும்னார். அவர் ஒயரிங் அருமையான ஒயரிங். நான்தான் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்"னேன்.

ஓஸ்வால்ட் என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்தார். அவருக்குப் பாதி தெரியும், மீதியைக் கேக்கல. ஆஷ்லிக்கு அந்தப் பாதியும் தெரியாது. எழுந்து நின்னா. கண்ணெல்லாம் தண்ணி.

"பர்மிஷன் கிடைச்சுது, ஒயரிங் சரியா இருக்கு, உங்களுக்கும் அந்த வண்டி பிடிச்சிருக்கு. ஒரு வாரமா என்கூட உக்காந்து கலர் பாத்தீங்க. அப்புறமும் நீங்க நெனச்சதுதான் நடக்கணும். ஜெயிச்சே ஆகணும் உங்களுக்கு. கீழ வந்த அசோகன் அங்கிளைச் சும்மா அலைய விட்டுத் திருப்பி அனுப்பியிருக்கீங்க. வெக்கமா இல்லையா மம்மி?"

"இருக்குடி"ன்னேன்.

அவ நம்பல. ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.